தீராததும் அடங்குவதும்: லூப்பஸ் நோயும் வினைக்கோட்பாடும்

தன்னுடலைத் தானே தாக்கும் நோய்களுள் ஒன்றான லூப்பஸ் ஒருவருக்கு உண்டென்று வைத்தியர் உறுதிசெய்த நாளிலிருந்து அவரது வீட்டில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இந்நோயை எவ்வாறு கட்டுக்குள் வைப்பது என்பது ஒன்று. இது ஏன் வந்தது என்பது மற்றையது. முதல் வினாவுக்கு வைத்தியசாலையில் தெளிவான விடை கிடைக்கிறது. இரண்டாவதற்கு, பல காரணங்கள் கூடி விளைந்தது என்பதற்கு மேல் மருத்துவ நூல்கள் உறுதியாகச் சொல்வதில்லை; ஆகவே அந்த இடத்தை உறவும் அயலும் தத்தம் சமயத்தின் பெயரால் விரைந்து நிரப்பிவிடுகின்றன. கோணேசர் கோயிலும் பத்திரகாளி அம்மன் கோயிலும், கிண்ணியா, மூதூர்ப் பள்ளிவாசல்களும், கத்தோலிக்கப் பேராலயமும், பௌத்த விகாரைகளும் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் அமைந்த திருக்கோணமலைத் துறைமுக மாவட்டத்தில் இவ்விடைகள் பலவாக ஒலிக்கின்றன. எனினும் மக்கள் வாயில் வழங்கும்போது அவை பெரும்பாலும் ஒரே வடிவத்தையே பெறுகின்றன: நோயாளியோ அவரைப் பெற்றவர்களோ செய்த ஏதோ ஒன்றின் பயன் இது என்பதே அவ்வடிவம். செய்வினை, நாவூறு, கிரக தோஷம் என்று பெயர்கள் மாறினாலும் குற்றம் சாட்டும் விரல் நோயாளியின் வீட்டையே சுட்டுகிறது. சமயங்கள், சிறப்பாக இம்மாவட்டத் தமிழரிடையே ஆழ வேரூன்றிய சைவ சித்தாந்தம், உண்மையில் இதைத்தான் சொல்கின்றனவா என்பது ஆராயத்தக்கது. ஏனெனில் தவறான விடையொன்று இந்நோயில் மனத்தை மட்டுமன்றிச் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது.

நோயின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். உடலுக்குள் நுழையும் கிருமிகளை இனங்கண்டு அழிக்கும் அமைப்பை இலங்கைப் பாடநூல்கள் நிர்ப்பீடனத் தொகுதி என்கின்றன. அது உருவாக்கும் காப்புப் புரதங்கள் பிறபொருளெதிரிகள் எனப்படும். லூப்பஸ் நோயில் இப்புரதங்கள் உடலின் சொந்தக் கலங்களின் கருவிலுள்ள பொருள்களுக்கு எதிராகவே, டி.என்.ஏ. எனப்படும் மரபுப் பொருளுக்கு எதிராகக்கூட, உருவாகின்றன. அவை தம் இலக்குப் பொருள்களோடு பிணைந்து திரள்களாகிக் குருதியோடு சென்று தோல், மூட்டு, சிறுநீரகம், நுரையீரலையும் இதயத்தையும் மூடிய சவ்வுகள், சிலவேளை மூளை ஆகியவற்றில் அழற்சியை, அதாவது வீக்கமும் வலியும் கலச்சிதைவும் கூடிய எதிர்வினையை, எழுப்புகின்றன. கன்னங்களிலும் மூக்கின் மேற்புறத்திலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் படரும் சிவப்பு, வெயில் பட்டதும் தோன்றும் தடிப்பு, காலையில் விரல்களை மடக்க முடியாத இறுக்கம், விளங்காத காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்வு, ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு ஆகியவை இதன் பொதுவான அறிகுறிகள். நோயுற்றோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பிள்ளைப்பேற்று வயதினர்.

இந்நோய் பிடிபடுவதற்கே பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள், ஆவதுண்டு. காய்ச்சல், மூட்டுவலி, குருதிச் சிறுதட்டுகளின் வீழ்ச்சி ஆகிய மூன்றும் டெங்குவுக்கும் உரியவை. 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000 பேரைத் தாண்டிய டெங்குப் பரவலின் தொடக்கத்தில் கிண்ணியா பெரிதும் பாதிக்கப்பட்டது. அத்தகைய பட்டறிவு உள்ள ஊரில் காய்ச்சலோடு வரும் பெண்ணுக்கு முதலில் டெங்கு பார்ப்பதே முறை. ஆனால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருமானால், மூட்டும் தோலும் அதனோடு சேர்ந்து பேசுமானால், வேறொன்றைத் தேட வேண்டும். அவ்வாறு தேடும்போது முதலில் செய்யப்படும் குருதிச் சோதனை, கலக்கருவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உள்ளனவா என்று பார்ப்பது; ஏ.என்.ஏ. என்ற பெயரால் அது நோயாளர்களுக்குப் பழக்கமானது. சோதனையில் 'உண்டு' என்று வருவது மட்டுமே நோயாகிவிடாது. எண்பதில் ஒன்றாக நீர்த்த குருதியிலும் நோயற்ற நூறு பேரில் ஏறத்தாழப் பதின்மூன்று பேருக்கு அச்சோதனை உண்டென்றே காட்டும். 2003இல் அமெரிக்க இராணுவத்தினரின் சேமித்து வைத்த குருதி மாதிரிகளைக் கொண்டு வெளியான ஆய்வொன்று, பின்னர் லூப்பஸ் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சிலரிடம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, இப்புரதங்கள் இருந்ததைக் காட்டியது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலும் ஒருவருக்கு நோய் வந்து மற்றவர் நலமாக இருப்பதே அதிகம். மரபணு, பெண்மைக்குரிய இயக்குநீர்கள், சூரியனின் புறஊதாக் கதிர், சில தொற்றுகள் என்பன ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும்போதே நோய் வெளிப்படுகிறது என்பது இன்றைய அறிவு. இவற்றுள் எதுவும் தனியே நின்று ஒரு குற்றவாளியைக் காட்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் தமிழ் மரபின் பழைய பகுப்பொன்று நினைவுக்கு வருகிறது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்துக்கு முன்னுரை வகுத்த பரிமேலழகர் பிணிகளை இரண்டாகப் பிரிக்கிறார். பழவினையால் வருவன ஒருவகை. உணவும் செயலும் ஒவ்வாமையால் வருவன மற்றொரு வகை. முன்னவை அவ்வினை கழிந்தாலன்றித் தீரா என்பதால் அவற்றை விலக்கிப் பின்னவற்றுக்கே வள்ளுவர் மருந்து கூறினார் என்பது அவர் கருத்து. மருந்தால் தீர்வது ஒருபுறம், மருந்துக்குத் தீராதது மறுபுறம் என்ற இந்தப் பகுப்பு அவர் காலத்து மருத்துவத்துக்குப் பொருத்தமானதே. ஆனால் லூப்பஸ் இவ்விரண்டு அறைகளில் எதனுள்ளும் அடங்க மறுக்கிறது. அது மருந்தால் முற்றாகத் தீர்வதில்லை. ஆகவே பரிமேலழகர் அளவுகோலின்படி பழவினைப் பிணியின் பக்கம் சாய்கிறது. அதேவேளை மருந்துக்கு அது நன்றாகவே அடங்குகிறது. 1950களில் இந்நோய் கண்டறியப்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேரே நான்கைந்து ஆண்டுகள் வாழ்ந்தனர்; இன்று நல்ல சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேரளவில் பத்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் நோயாளிகளின் பழவினை மாறிவிட்டதென்று எவரும் வாதிடமாட்டார். எனவே தீராத நோயெல்லாம் வினைநோய், வினைநோய்க்கு மருந்து வீண் என்று இன்று ஒருவர் சொல்வாராயின், அவர் உரையாசிரியரின் சொல்லை எடுத்துக்கொண்டு அவரது நுட்பத்தைக் கைவிட்டவராவார். தீராது, ஆனால் அடங்கும் என்ற மூன்றாவது வகைக்கு மரபு இடம் தரவேண்டும். அந்த இடம் சைவ சித்தாந்தத்துக்குள்ளேயே இருக்கிறது.

சித்தாந்தம் வினையை மூன்றாக வைக்கிறது. பல பிறவிகளில் ஈட்டப்பட்டு நுகரப்படாமல் கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவிக்கென முகந்து கொடுக்கப்பட்டது பிராரத்தம். இப்பிறவியில் அதை நுகரும்போதே புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியர் தமது சிவஞான சித்தியாரில், பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு ஆகிய ஆறும் கருவிலேயே அமைந்துவிடுகின்றன என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறார். இக்கூற்றை மழுப்புவது நேர்மையாகாது. நோயாளியைக் குற்றம் சாட்டுவோர் தமக்குத் துணையாகக் கொள்ளக்கூடிய வலுவான இடமும் இதுவே. ஆனால் அதே நூலின் அதே பகுதியில், வினைப்பயனை இறைவன் ஊட்டுவது எதற்காக என்பதை விளக்க அவர் கையாளும் உவமையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சில நோய்களை மருத்துவன் அறுத்தும் கீறியும் தீர்க்கிறான், சிலவற்றைச் சர்க்கரைக் கட்டியும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்க்கிறான், இறைவனும் இன்பத்தையும் துன்பத்தையும் அவ்வாறே ஊட்டி வினையை அறுக்கிறான் என்பது அவ்வுவமையின் பொருள். இங்கே இறைவன் தண்டனை வழங்கும் நீதிபதியாக அல்லாமல் சிகிச்சை செய்பவனாகவே காட்டப்படுகிறான். மருத்துவனின் தொழில் வினையின் போக்கில் குறுக்கிடும் பிழையென்று அருணந்தியார் கருதியிருந்தால், அத்தொழிலையே திருவருளுக்கு உவமையாக்கியிருக்க மாட்டார். இந்த எளிய உய்த்துணர்வு, மாத்திரை விழுங்குவது ஊழுக்கு எதிரானதோ என்று தயங்கும் சைவ நோயாளிக்கு மிகவும் தேவைப்படுகிறது.

மேலும், பிராரத்தம் இன்னதென்று உயிருக்குத் தெரியாது. அது நுகரும்போதே வெளிப்படுகிறது. ஆகவே ஒருவருடைய முகத்துத் தழும்பைப் பார்த்து அவருடைய முற்பிறவியைப் படிப்பவர், சித்தாந்தத்தின்படி இறைவன் ஒருவனே அறிந்ததைத் தாம் அறிந்ததாகச் சொல்கிறார். அப்பேச்சினால் ஒரு பெண் கூசிக் குறுகுவாளாயின், அந்தத் துன்பத்தை விளைத்த செயல் சொன்னவரின் ஆகாமியத்தில் சேர்கிறது. வினைக்கோட்பாடு ஒருவர் தம் வாழ்வைத் தாமே நோக்கி, இனிச் செய்யவேண்டியதில் பொறுப்பு ஏற்பதற்காகத் தரப்பட்டது. பிறர் வாழ்வின்மீது தீர்ப்பு எழுதுவதற்குத் தரப்பட்டதன்று.

பெரியபுராணம் நோய்க்கு ஒரே விளக்கத்தைத் தரவில்லை என்பதும் கவனிக்கப்படுவதில்லை. திருநாவுக்கரசரைச் சமணத்திலிருந்து மீட்கச் சிவபெருமான் சூலைநோயைக் கொடுத்தார் என்று சேக்கிழார் சொல்லும்போது நோய் ஓர் அழைப்பாகிறது. சங்கிலியாருக்கு அளித்த உறுதியை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் கண்ணொளி இழந்தபோது அது சொல் தவறியதன் விளைவாகிறது. ஆனால் கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் திருஞானசம்பந்தருடன் தங்கியிருந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, அதற்கு எந்தப் பிழையும் காரணமாகக் கூறப்படவில்லை. அது அந்நிலத்தின் இயல்பு என்றே சம்பந்தர் ஏற்றுக்கொள்கிறார்; ஏற்றுக்கொண்ட பின்னரே அது தீரப் பதிகம் பாடுகிறார். நோயுற்றவர்கள் அவரை விட்டு அகலாத அடியார்கள். அவர்களுள் எவரையும் நோக்கி 'நீ என்ன செய்தாய்' என்ற வினா எழவில்லை. இராமேசுவரத்திலிருந்து கடலுக்கு இப்பால் திருக்கோணமலையைப் போற்றிப் பதிகம் பாடியவர் என்பதால் இவ்வூர்ச் சைவர்களுக்கு மிக நெருங்கியவரான அதே சம்பந்தர், நோயை நிலத்தின் இயல்பென்று சொல்லத் தயங்கவில்லை என்பதைக் கோணேசர் கோயிற் புராணபடனங்களில் எடுத்துச் சொல்வது பல வீடுகளின் பாரத்தைக் குறைக்கும்.

ஏனைய சமயங்களிலும் இத்தகைய இடங்கள் உள்ளன. மோலிய சீவகன் என்ற பரிவிராசகன், மனிதர் நுகரும் துன்பமெல்லாம் முன்வினையே என்போரைப் பற்றிக் கேட்டபோது, புத்தர் பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவமாற்றம், ஒழுங்கற்ற பேணல், புறத்தாக்குதல் ஆகிய ஏழு காரணங்களைச் சொல்லி எட்டாவதாகவே வினைப்பயனைச் சேர்த்தார் என்பது பாலி மொழிச் சங்யுத்த நிகாயத்தில் பதிவாகியுள்ளது. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் பாவம் செய்தவன் இவனா இவன் பெற்றோரா என்று கேட்க, இருவருமல்லர் என்று இயேசு மறுக்கிறார். திருக்குர்ஆன் பொறுமைக்கு முன்மாதிரியாகக் காட்டும் ஐயூப் நபி, காலால் நிலத்தை உதைக்கும்படி பணிக்கப்பட்டு, அங்கே பெருகிய குளிர்ந்த நீரில் குளிக்கவும் அதைப் பருகவும் சொல்லப்படுகிறார். அவருடைய பொறுமை நிவாரணத்தை மறுக்கும் பொறுமையாக இருக்கவில்லை. முதுமையைத் தவிர ஏனைய நோய்களுக்கெல்லாம் மருந்து உண்டு, ஆகவே சிகிச்சை செய்யுங்கள் என்ற நபிமொழியும் அதே திசையைக் காட்டுகிறது.

பழைய குற்றச்சாட்டு இன்று புதிய உடையிலும் வருகிறது. தம்மைத் தாமே வெறுப்பவர்களுக்கே தன்னுடல் தாக்கும் நோய் வருகிறது, அடக்கிய கோபமே உடலைத் தாக்குகிறது என்ற பேச்சு நகரங்களில் அறிவியலின் சாயலோடு பரவுகிறது. மனவழுத்தம் நோயைக் கிளறக்கூடும் என்பது வேறு. நோயாளியின் குணமே நோயைப் படைத்தது என்பது வேறு. சூசன் சொண்டாக் 1978இல் வெளியிட்ட நூலில், காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் நோயாளியின் மனப்பாங்கைக் காரணமாக்கும் வழக்கத்தைக் கண்டித்து எழுதியது லூப்பஸுக்கும் அப்படியே பொருந்தும்.

உடல் தன்னையே தாக்குகிறது என்ற தொடர் கேட்பவருக்கு அச்சமூட்டுவது. அச்சத்துக்குக் காரணம் அதில் வரும் 'தான்' யார் என்ற தெளிவின்மை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவுல் ஏர்லிக் என்ற செருமானிய அறிஞர், உடல் தனக்கே நஞ்சாவதை இயல்பாகத் தவிர்த்துக்கொள்கிறது என்று கருதினார். பின்னர் அவுஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பர்னெட், நிர்ப்பீடனத் தொகுதி தன்னையும் பிறவற்றையும் வேறுபிரித்தறியக் கற்றுக்கொள்கிறது என்ற கருத்தை முன்வைத்து, அத்துறைப் பணிக்காக 1960இல் நோபல் பரிசு பெற்றார். நோயற்ற நூறு பேரில் பதின்மூவரிடமும் தன்னை எதிர்க்கும் புரதம் காணப்படுகிறது என்ற உண்மை, அந்த எல்லைக்கோடு எவருடைய உடலிலும் முழுத் தூய்மையாக வரையப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில், 'எனது உடல்' என்று சொல்லும் ஒன்று அவ்வுடலுக்கு வேறாக இருக்க வேண்டும் என்று வாதிட்டு உயிரின் உண்மையை நிறுவுகிறது. மாயையின் ஆக்கமான உடல் உயிருக்குக் கருவி. கருவியில் நேர்ந்த பிறழ்வு அதைக் கொண்டிருப்பவரின் இயல்பாகிவிடாது. இந்நோக்கில், லூப்பஸ் உள்ள பெண் தன்னைத் தானே தாக்கிக்கொள்பவள் அல்லள். குருதியிலுள்ள சில கலங்கள் தவறாகக் கற்றுக்கொண்டதன் விளைவைத் தாங்குபவள். ஆன்மவியலும் நிர்ப்பீடனவியலும் வெவ்வேறு துறைகள். ஒன்றை மற்றதற்குச் சான்றாக்குவது பொருந்தாது. ஆனால் புதிதாக நோயறிந்தவர் தம்மைத் தம் பகைவராக எண்ணத் தலைப்படும்போது, மெய்கண்டாரின் வேறுபடுத்தல் அவருக்குக் கைகொடுக்கிறது.

பிராரத்தமாகவே வந்தாலும், வந்ததை எவ்வாறு ஏற்று என்ன செய்வது என்பது ஆகாமியத்தின் களம் என்பதால், லூப்பஸின் அன்றாடப் பராமரிப்பு முழுவதும் அக்களத்திலேயே நடக்கிறது. உற்ற துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையையும் தவத்தின் வடிவமாக வள்ளுவர் வகுத்தார். பொறுத்தல் என்பதைத் தமிழ்ப் பெண்களுக்கு நாம் கற்பித்துள்ள விதம்தான் இந்நோயில் ஆபத்தாகிறது. லூப்பஸ் உள்ளோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்கு எப்போதாவது சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. அப்பாதிப்பு தொடக்கத்தில் வலிப்பதேயில்லை. சிறுநீரில் நுரை, காலையில் கண்ணிமை வீக்கம், கணுக்கால் வீக்கம், உயரும் குருதி அழுத்தம் ஆகியவையே அதன் குரல். அவையும் தோன்றாமல் சிறுநீர்ச் சோதனையில் கசியும் புரதமாக மட்டும் அது தெரியலாம். ஆகவே கிளினிக் நாளைத் தவறவிடாமல் சென்று குருதியும் சிறுநீரும் கொடுப்பதும், புதிய மார்புவலியையோ மூச்சுத்திணறலையோ குழப்பத்தையோ வலிப்பையோ உடனே சொல்வதும் பொறுமைக்கு மாறானவை அல்ல. துன்பத்தை மறைப்பதைத் தவமென்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை.

இந்நோயின் அடிப்படை மருந்தான ஹைட்ரொக்சிகுளோரோகுயினின் வரலாறு இம்மாவட்டத்துக்கு அந்நியமானதன்று. 1934-35இல் பல்லாயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்ற மலேரியாக் கொள்ளைநோயை இலங்கை மறக்கவில்லை. 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. திருக்கோணமலை கடற்படைத் தளமாக இயங்கிய இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆசியப் போர்முனைகளில் படைவீரர்கள் மலேரியாத் தடுப்புக்காக மெப்பாகிரின் என்ற மாத்திரையை விழுங்கினர். அவர்களுள் தோல்நோயும் மூட்டுநோயும் உடையோர்க்கு அவை தணிந்தது கவனிக்கப்பட்டது. 1951இல் பிரான்சிஸ் பேஜ் என்ற ஆங்கில மருத்துவர் லூப்பஸ் நோயாளரில் அதன் பயனை வெளியிட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரு நோய்க்கென ஆக்கப்பட்டது மற்றொன்றுக்கு அருளாக வந்ததைத் திருவருளின் செயலென்று சைவர் கொள்வாராயின் அதில் தவறில்லை. இம்மாத்திரை நோய் கிளர்வதைக் குறைக்கிறது, சிறுநீரகத்தைக் காக்கிறது, ஆயுளை நீட்டுகிறது. நாளளவு உடலெடையின் கிலோ ஒன்றுக்கு 5 மில்லிகிராமை மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதும், தொடக்கத்தில் ஒருமுறையும் ஐந்தாண்டுகளின் பின் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிப்பதும் இதற்குரிய எச்சரிக்கைகள். நோய் கடுமையாகும்போது தரப்படும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்டு மாத்திரைகள் விரைவில் பயன் தருவன. ஆனால் நீண்ட நாள் மிகுந்த அளவில் தொடர்ந்தால் எலும்பு, சர்க்கரை, கண் ஆகியவற்றைப் பாதிப்பதால் வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். உடல் தானாகச் சுரக்கும் இயக்குநீரை இம்மாத்திரை உறங்கவைத்துவிடுவதால், அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரையை விட்டுவிடுவதாகச் சுவாமிக்கு நேர்ந்துகொள்வது ஏற்கத்தக்க நேர்த்தியன்று.

நோய் எதிர்ப்பை வளர்க்கும் என்ற பரிந்துரையோடு வரும் கைமருந்துகளும் இவ்வாறே ஆபத்தானவை. எதிர்ப்பு மிகுந்து தடம் மாறியதே இந்நோய் என்பதால் அதை மேலும் தூண்டுவது நன்மையாகாது. சீந்தில் கலந்த மருந்துகளை உட்கொண்டோருக்கு, நிர்ப்பீடனத் தொகுதி தூண்டப்பட்டதைப் போன்ற ஈரல் பாதிப்பு நேர்ந்ததை மும்பை வைத்தியர்கள் 2021இல் பதிவுசெய்தனர். சித்த மருத்துவத்தைக் கற்பிக்கும் வளாகம் இம்மாவட்டத்திலேயே உண்டு. சுதேச வைத்தியரிடம் செல்வோர் தமது நோயையும் ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளையும் அவரிடமும், அவர் தந்ததைக் கிளினிக் வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெயிலும் விரதமும் சமய வாழ்வோடு நேரே மோதும் இடங்கள். புறஊதாக் கதிர் தோற்கலங்களைச் சிதைத்து அவற்றின் கருப்பொருள்களை வெளிப்படுத்துவதால், வெயிலுக்குப் பின் தோல் மட்டுமன்றி நோய் முழுவதும் கிளரக்கூடும். கடலில் ஒளி எதிரொளிக்கும் இக்கரையில், நண்பகலில் நிகழும் தீர்த்தமும், சுவாமிமலைப் பாறையின் ஏற்றமும், செல்வச்சந்நிதியிலிருந்து திருக்கோணமலை, வெருகல் வழியாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரையும், கருவாடு காயவைக்கும் அன்றாடத் தொழிலும் இந்நோயாளருக்கு ஒரே எச்சரிக்கையைக் கோருகின்றன: நீண்ட கை உடை, குடை, உயர்ந்த காப்பளவுள்ள வெயில்தடுப்புக் களிம்பு, இயன்றால் விடியலிலோ மாலையிலோ வழிபாடு. விரதத்தைப் பொறுத்தவரை ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை கண்டிப்பானது என்று நினைப்போர் அதை மீண்டும் படிக்கலாம். சிவராத்திரிக்கு உபவாசத்தை உத்தமமாக வைத்த நாவலர், நீரோ பாலோ உண்பதையும் பழம் உண்பதையும் அடுத்தடுத்த படிகளாக்கி, தோசை முதலிய பணிகாரம் உண்பதற்கும் கடைசிப் படியில் இடம் விட்டார். நோயாளிக்கு நோன்பை வேறு நாட்களில் நிறைவேற்றவோ, இயலாதபோது ஏழைக்கு உணவளித்து ஈடுசெய்யவோ இஸ்லாம் வழிவிடுகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் நீரின்றி நாள் முழுதும் இருப்பது இறைவன் கேட்காத காணிக்கை.

அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கொனரின் வாழ்க்கை இங்கே எண்ணத்தக்கது. அவருடைய தந்தை 1941இல் இந்நோயால் இறந்தார்; இருபத்தைந்தாம் வயதில் அதே நோய் அவரையும் பற்றியது; 1964இல் முப்பத்தொன்பதாம் வயதில் இறக்கும்வரை தாயின் பண்ணைவீட்டிலிருந்து ஊன்றுகோல்களோடு எழுதிக்கொண்டிருந்தார். ஆழ்ந்த கத்தோலிக்கரான அவர் 1958இல் லூர்து தலத்துக்குச் சென்று நீராடினார். தம் எலும்புகளுக்காக அன்றி, எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காகவே அங்கு வேண்டிக்கொண்டதாகப் பின்னர் கடிதத்தில் குறிப்பிட்டார். மருந்தைக் கைவிடாமலே யாத்திரை சென்றவர் அவர். மருந்தையும் வழிபாட்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாக வைக்காத அந்தத் தெளிவு எந்தச் சமயத்தவருக்கும் உரியது.

வினைப்பேச்சின் சுமை மிகக் கடுமையாக இறங்குவது திருமணப் பேச்சின்போது. சாதகம் பொருந்தியும் நோய் தெரியவந்து கலைந்த பேச்சுகளுக்கு அஞ்சிப் பல பெற்றோர் நோயை மறைக்கின்றனர்; மறைத்தபின் அந்தப் பெண் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து உண்கிறாள், அல்லது நிறுத்திவிடுகிறாள். ஆனால் லூப்பஸ் திருமணத்துக்கோ தாய்மைக்கோ தடையன்று. நோய் குறைந்தது ஆறு மாதங்கள் அடங்கியிருந்து, மைக்கோபினொலேட் போன்ற கருவுக்குத் தீங்கான மருந்துகள் முன்கூட்டியே மாற்றப்பட்டு, கருச்சிதைவை உண்டாக்கும் குருதியுறைவுப் பிறபொருளெதிரிகளும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய 'றோ' எனும் பிறபொருளெதிரியும் சோதிக்கப்பட்டிருந்தால், பெரும்பாலான கருப்பங்கள் நல்லபடி நிறைவேறுகின்றன. கருவுற்ற காலத்திலும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் தொடரப்பட வேண்டும். பிள்ளைக்கு ஆகாது என்று அதை வாங்கி ஒதுக்கிவைக்கும் மூத்தவர்கள் நல்லெண்ணத்தோடே தாயையும் பிள்ளையையும் ஆபத்துக்குள்ளாக்குகின்றனர். நோயை மறைப்பது வள்ளுவர் சொன்ன வாய்மைக்கு மாறானது என்பதோடு உயிருக்கும் கேடானது. ஆகையால் பொருத்தம் பார்க்கும் இரு வீட்டாரும் நிச்சயத்துக்கு முன்பே பெண்ணின் சம்மதத்தோடு அவளது வைத்தியரைச் சந்தித்து, கிளினிக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும் வழக்கம் இம்மாவட்டத்தில் வரவேண்டும்; அதைத் தொடக்கிவைக்கும் கடமை பெண்வீட்டாரைக் காட்டிலும் மாப்பிள்ளை வீட்டாருக்கே அதிகம்.